ஆமைக்கு வாங்கிய கிரிக்கெட் பூச்சி அடுப்படிக்குப் போகாமல் தடுக்க: ஐந்து வழிகள், எது யாருக்கு?

ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து 'கிர்ர், கிர்ர்' என்று சத்தம் வரும். விளக்கைப் போட்டால் நின்றுவிடும், அணைத்தால் மறுபடி ஆரம்பிக்கும். ஆமைக்குத் தீனியாக வாங்கிய ஐம்பது கிரிக்கெட் பூச்சியில் (ஊரில் சுவர்க்கோழி என்போம், கடையில் கிரிக்கெட் என்றால்தான் எடுத்துத் தருவார்கள்) ஒன்று அங்கே குடியேறிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கேள்விகள் வரும். தொட்டிக்கு மூடி போடுவதா? கிண்ணத்தில் வைப்பதா? இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கொடுப்பதா? பூச்சியையே மாற்றிவிடுவதா? கடைக்காரர் ஒன்று சொல்வார், இணையக் காணொளி வேறொன்று சொல்லும், வீட்டில் இருப்பவர்கள் "ஆமையைக் கொண்டுபோய் விட்டுட்டு வா" என்பார்கள். இந்தக் கடைசி யோசனையை மட்டும் கேட்காதீர்கள். வளர்த்த விலங்கை நீர்த்தேக்கத்திலோ பூங்காவிலோ விடுவது சட்டப்படி குற்றம்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள ஊர்வன இரண்டே இரண்டு: சிவப்புக்காது ஆமை, மலாயன் பாக்ஸ் ஆமை. லெப்பர்ட் கெக்கோ, பியர்டட் டிராகன், இகுவானா, பாம்பு, நட்சத்திர ஆமை எதற்கும் அனுமதி இல்லை. "பூச்சி தப்பாமல் தடுப்பது எப்படி" என்று தேடினால் கிடைக்கும் வெளிநாட்டு ஆலோசனைகளோ பெரும்பாலும் பல்லி வகைகளுக்காக எழுதப்பட்டவை. நாலு பக்கமும் கண்ணாடி, முன்பக்கம் சறுக்குக் கதவு, உள்ளே காய்ந்த மணல் என்று அவர்கள் கூடு இருக்கும். நம் வீட்டு ஆமைத் தொட்டி பாதி தண்ணீர், பாதி மேடு, மேலே திறந்த வாய். அந்த ஆலோசனையை அப்படியே எடுத்துவந்தால் காசு போகும், பூச்சியும் போகும்.

பல்லிக்கும் ஆமைக்கும் இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. பல்லியும் தவளையும் பெரும்பாலும் அசைவதைத்தான் இரையென்று நினைக்கும். ஆமைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மோப்பம் பிடித்து, அசையாமல் கிடப்பதையும் தின்னும். கட்டுரை முழுக்க இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

## பூச்சி தப்புவது எங்கே?

பலரும் தொட்டியைத்தான் சந்தேகிப்பார்கள். பூச்சி தப்பும் இடங்கள் மூன்று.

முதலாவது, சேமிப்புப் பெட்டி. கடையில் பிளாஸ்டிக் பையிலோ டப்பாவிலோ முட்டை அட்டைத் துண்டுகளோடு தருகிறார்களே, அதைக் கொண்டுவந்து வைக்கும் இடம்.

இரண்டாவது, கைமாறும் நேரம். பையைத் திறப்பது, நாலு பூச்சியை எடுப்பது, தொட்டிவரை கொண்டுபோவது என்று எல்லாம் சேர்த்து அரை நிமிடம்தான். தப்பியவற்றில் பெரும்பகுதி இந்த அரை நிமிடத்தில் போனவைதான்.

மூன்றாவது, தொட்டி. ஆமை தின்னாமல் விட்டது மேட்டில் ஏறி, வடிகட்டியின் ஒயர் வழியாக வெளியே வரும்.

கிரிக்கெட் பூச்சியால் சுத்தமான கண்ணாடியிலும் வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலும் ஏற முடியாது. ஆனால் கண்ணாடி மூலையில் பூசிய சிலிக்கான், நீர்க்கறை படிந்த சுவர், கீறல் விழுந்த பிளாஸ்டிக், ஒயர், வலை எல்லாமே அதற்கு ஏணிதான். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஏணிகளைக் கவனியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் பார்க்கலாம். மேலே சொன்ன மூன்று வாசல்களில் எதை அடைக்கிறது? ஒரு வேளைக்கு எத்தனை நிமிடம் பிடிக்கும்? ஆரம்பச் செலவு போக, பின்னால் வரும் செலவு என்ன? ஆமைக்கு ஒத்துவருமா? நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் தாங்குமா? பகலில் 31, 32 டிகிரி, சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதால் ஒட்டுநாடா உரியும், அட்டை பூசணம் பிடிக்கும், செத்த பூச்சி சில மணி நேரத்தில் நாறும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: வீட்டு உரிமையாளர் திடீரென்று வந்தால் இது பார்க்கும்படியாக இருக்குமா?

## வழி 1: இடுக்கியால் ஊட்டுவது

25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள மூங்கில் இடுக்கி அல்லது முனையில் ரப்பர் போட்ட இடுக்கி வேண்டும். வெறும் எஃகு இடுக்கி வேண்டாம். ஆமை பாய்ந்து கவ்வும்போது அலகின் விளிம்பு உடையலாம்.

பூச்சியைப் பின்னங்காலில் பிடிக்காதீர்கள். ஆபத்தென்று தெரிந்தால் கிரிக்கெட் அந்தக் காலை அப்படியே கழற்றிவிட்டுப் போய்விடும். இடுக்கியில் கால் மட்டும் மிஞ்சும். தலைக்குப் பின்னால், நடுவுடம்பில் பிடியுங்கள். கைக்கு வசப்படவில்லையென்றால் டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஐந்து நிமிடம் வையுங்கள், பூச்சி மந்தமாகிவிடும். அதிக நேரம் விட்டால் செத்துப்போகலாம்.

இந்த வழியில் மூன்றாவது வாசல் கிட்டத்தட்ட முழுதாக அடைபடும், ஏனென்றால் தொட்டிக்குள் பூச்சி உலாவுவதே இல்லை. எத்தனை தின்றது என்ற கணக்கும் உங்களிடம் இருக்கும். ஐந்து பூச்சிக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஆரம்பச் செலவு சில வெள்ளி.

மறைந்திருக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் 'கை வந்தால் சாப்பாடு' என்று ஆமை கற்றுக்கொள்ளும். தொட்டி கழுவ விரலை நீட்டினாலும் கவ்வும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை யோசித்துச் செய்யுங்கள். கூச்சமுள்ள புது ஆமை இடுக்கியைக் கண்டாலே ஓட்டுக்குள் போய்விடும். மலாயன் பாக்ஸ் ஆமை அடிவயிற்று ஓட்டை மடக்கி முழுதாக மூடிக்கொள்ளக் கூடியது. அது மூடிக்கொண்டால் அன்றைக்கு ஊட்டல் முடிந்தது என்று எழுந்துவிடலாம்.

ஒரே ஆமை, பழகிய ஆமை, மாலையில் பத்து நிமிடம் உட்கார நேரம் உள்ள வீடு என்றால் இது நல்ல வழி.

## வழி 2: வழுவழுப்பான கிண்ணம்

கிண்ணம் என்றதும் எல்லாரும் செய்யும் தவறு, அதில் கிரிக்கெட்டைப் போடுவது. கிரிக்கெட் குதிக்கும். அதை அடக்கும் அளவு ஆழமான கிண்ணத்துக்குள் ஆமையின் கழுத்து எட்டாது. ஆமைக்கு எட்டும் கிண்ணம் பூச்சிக்கு ஒரு தாவல்தான். கால் கழற்றிப் போடுவோரும் உண்டு. பின்னங்கால் இரண்டும் போனால் குதிக்காது, நடக்கும். ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்ய எல்லாருக்கும் மனம் வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை.

கிண்ணம் என்பது கடையில் தீனிக்காக விற்கும் மீல்வர்ம், சூப்பர்வர்ம் என்ற புழுக்களுக்கு. மீல்வர்ம் சுமார் இரண்டரை செ.மீ. நீளம். சுவரில் நிமிர்ந்து விளிம்பைத் தொட முயலும், அதனால் உள்சுவர் 4 செ.மீ. உயரம் இருந்தால் போதும். சூப்பர்வர்ம் அதைவிட இரு மடங்கு வரை நீளும். அதற்கு 6 செ.மீ.யாவது வேண்டும். மேற்பூச்சு வழவழவென்று இருக்கும் பீங்கான் கிண்ணம் சிறந்தது. பிளாஸ்டிக் கிண்ணத்தைத் துலக்கித் துலக்கிக் கீறல் விழுந்தால் புழு ஏறிவிடும்.

கிண்ணத்தை மண்ணில் பதித்து, விளிம்பு மண்மட்டத்துக்கு ஒரு செ.மீ. மேலே நிற்கும்படி வையுங்கள். முழுதாகப் பதித்தால் ஆமை நடக்கும்போது மண் உள்ளே சரிந்து மேடாகும், புழு அதன்மேல் ஏறி வெளியே வரும். பதிக்காமலே வைத்தால் ஆமை கவிழ்த்துவிடும். தினமும் கிண்ணத்தைத் துடைத்து உலர வையுங்கள், ஈரத்தில் மண் ஒட்டினால் அதுவே படிக்கட்டு.

தப்பிய மீல்வர்ம் சத்தம் போடாது, அதுதான் ஆபத்து. மண்ணுக்குள் புதைந்து, கூட்டுப்புழுவாகி, கறுப்பு வண்டாக வெளியே வரும். தானியத்தில் வாழும் பூச்சி இது. சமையலறைக்குப் பக்கத்தில் தொட்டி வைத்துக்கொண்டு அரிசிச் சாக்கையும் ஆட்டா மாவையும் திறந்து வைக்காதீர்கள். சூப்பர்வர்ம் கூட்டமாக இருக்கும்வரை கூட்டுப்புழுவாகாது, ஒன்று தனியாகச் சிக்கினால்தான் மாறும்.

புழுவில் கொழுப்பு அதிகம் என்பதால் இதை மட்டுமே தினமும் வைத்தால் ஆமை கொழுத்துவிடும். வாரம் ஒரு வேளை, ஆறேழு புழு என்றால் கிண்ணம் அருமையான வழி. நேரமும் கிட்டத்தட்ட செலவாகாது.

## வழி 3: தனித் தீனித் தொட்டி

நம்மூர் ஆமைக்கென்றே செய்ததுபோன்ற வழி இது. சுமார் 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள, உள்பக்கம் வழுவழுப்பான பிளாஸ்டிக் பெட்டி. அதில் 4 செ.மீ. தண்ணீர், அதாவது ஐந்தரை லிட்டர். மேடு, கல், செடி எதுவும் வேண்டாம்.

இது வேலைசெய்வதற்குக் காரணம் தண்ணீர். கிரிக்கெட் குதிக்கக் கால் ஊன்ற ஒரு தரை வேண்டும். தண்ணீரில் மிதக்கும்போது உதைக்கும், சுற்றும், சுவரோரம் போகும், அவ்வளவுதான். அந்த அசைவே ஆமையையும் இழுக்கும். மலாயன் பாக்ஸ் ஆமை தண்ணீரில் சாப்பிடுவதைப் பெரும்பாலும் விரும்பும். சிவப்புக்காது ஆமை விழுங்குவதற்கே தண்ணீர் வேண்டும்.

செய்முறை இப்படி. பெட்டியைக் குளியலறைத் தரையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். தரையில் உள்ள கழிவுநீர்த் துளையின் மேல் ஈரத்துணி போடுங்கள். முதலில் ஆமையை விட்டு ஐந்து நிமிடம் பழக விடுங்கள். பிறகு பூச்சி. இங்கேதான் கழிப்பறைத் தாள் சுருளின் அட்டைக் குழாய் கைகொடுக்கும். அதை முந்தின நாளே சேமிப்புப் பெட்டிக்குள் போட்டுவைத்தால் பூச்சிகள் இருட்டுக்காக உள்ளே ஒண்டிக்கொள்ளும். ஒரு முனையை உள்ளங்கையால் மூடி, குழாயைத் தூக்கி, மறுமுனையைக் கட்டைவிரலால் பாதி மறைத்துத் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கவிழ்த்து, விரலால் ஒரு தட்டு. இரண்டு மூன்று விழும். நிமிர்த்துங்கள். மறுபடி ஒரு தட்டு. மிச்சம் உள்ளதைக் குழாயோடு பெட்டிக்கே திருப்பிவிடலாம். பையைக் கவிழ்த்துக் கொட்டுவதோடு ஒப்பிட்டால் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது வாசல் இந்த ஓர் அட்டைக் குழாயால் அடைபடுகிறது.

இருபது, முப்பது நிமிடம் கழித்து ஆமையை எடுத்து, மிதக்கும் மிச்சத்தை வலைக்கரண்டியால் அள்ளி, தண்ணீரைக் கழிவறைக் கோப்பையில் ஊற்றுங்கள். சமையலறைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. ஆமையின் உடம்பிலும் கழிவிலும் சால்மனெல்லா கிருமி இருக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெட்டியை வேறெதற்கும் புழங்காதீர்கள்.

குறைகளும் உண்டு. பூச்சிமேல் தூவிய கால்சியம் தூளைத் தண்ணீர் கழுவிவிடும். கிரிக்கெட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதனால் ஊட்டுவதற்கு ஒரு நாள் முன்பே பூச்சிக்குக் கீரை, கேரட், கால்சியம் கலந்த தீனி கொடுத்து அதன் வயிற்றை நிரப்ப வேண்டும், அல்லது தொட்டிக்குள் கணவாய் ஓடு போட்டுவைக்க வேண்டும். சில ஆமைகள் இடம் மாற்றினால் முதல் சில தடவை சாப்பிடவே மறுக்கும். மொத்தத்தில் ஒரு வேளைக்கு நாற்பது நிமிடம் குளியலறை உங்களுடையது. ஐந்து பேருக்கு ஒரு குளியலறை என்றால் இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு லாபத்தையும் சொல்ல வேண்டும். சாப்பிட்ட மிச்சமும், பல சமயம் கழிவும், இந்தப் பெட்டியிலேயே போய்விடுவதால் பெரிய தொட்டியின் தண்ணீர் கூடுதல் நாள் சுத்தமாக இருக்கும்.

## வழி 4: தொட்டியையே அடைப்பது

அதிகம் செலவாகும் வழி, முதலில் எல்லாரும் ஓடுவதும் இதற்குத்தான். மரச்சட்டம் அடித்து வலை பொருத்திய மூடி, ஒயர் துளைக்கு அடைப்பு, மூலைகளுக்குச் சிலிக்கான்.

செய்வதென்றால் சரியாகச் செய்யுங்கள். கொசுவலைக்குப் பயன்படும் ஃபைபர் வலை வேண்டாம், கிரிக்கெட் அதைக் கடித்து ஓட்டை போடும். துருப்பிடிக்காத எஃகு வலை எடுங்கள். வளர்ந்த பூச்சிக்கு 2 மி.மீ. கண் போதும். குஞ்சுப் பூச்சிக்கு ஒரு மி.மீ. வேண்டும். மீன்தொட்டிக்குரிய, பூசணத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானை மட்டும் பூசி, புளித்த காடி வாசனை முழுதாகப் போகும்வரை, குறைந்தது இரண்டு மூன்று நாள், ஆமையை உள்ளே விடாதீர்கள். ஒயர் துளையைப் பஞ்சால் அடைப்பது வீண், அதையும் கடிக்கும். எஃகு வலைத் துண்டை மடித்துத் திணியுங்கள்.

இடைவெளியைச் சோதிக்க வேறு கருவி வேண்டாம். ஈஸி-லிங்க் அட்டை (பேருந்து, ரயில் கட்டண அட்டை) ஒன்றின் தடிமன் முக்கால் மி.மீ. அளவு. மூன்று அட்டைகளைச் சேர்த்துப் பிடித்து அந்த இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் நடுத்தரப் பூச்சியும் நுழையும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, தொட்டிக்குள் கைவிளக்கை எரியவிட்டுச் சுற்றிப் பார்த்தால் வெளிச்சக் கீற்று எங்கெங்கே தெரிகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது.

இத்தனை பாடுபட்டும் என்ன நடக்கும்? மூடிய தொட்டிக்குள் பூச்சி வாழத் தொடங்கும். மேட்டுக்கு அடியில் ஒளியும், வடிகட்டியின் பின்னால் மூழ்கிச் செத்துத் தண்ணீரை நாறடிக்கும். பெண் பூச்சி ஈர மண்ணைக் கண்டால் முட்டையிடும். நம் வெக்கையில் இரண்டு வாரத்துக்குள் 2 மி.மீ. குஞ்சுகள் வரிசையாக வெளியே வரும், நீங்கள் போட்ட 2 மி.மீ. வலை அப்போது வேலிக்குப் போட்ட மூங்கில் தட்டிபோல்தான். இன்னொன்று: கிரிக்கெட்டால் வலையில் ஏறவும் தலைகீழாகத் தொங்கவும் முடியும். மூடியைத் தூக்கும்போது அதன் அடிப்பக்கத்தில் நாலைந்து தொங்கிக்கொண்டிருக்கும், தூக்கிய கையோடு வீட்டுக்குள் வந்து இறங்கும்.

புற ஊதா விளக்கை வலைக்கு மேல் வைத்தால் பாதிப்பு வேறு வகை. கண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கதிர் தடுக்கப்படும். மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடலாம். பூச்சியைத் தடுக்கப் போய் ஆமையின் ஓடு மெலியும். விளக்கை வலைக்கு உள்பக்கம் பொருத்தினால் அதன் ஒயருக்கு இன்னொரு துளை போட வேண்டியிருக்கும்.

அப்படியானால் இது யாருக்கு? ஆமைக்காரர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஏறிக் குதித்து வேட்டையாடும் மரத்தவளை போன்ற பிராணிக்கு மூடிய கூடு எப்படியும் வேண்டும் என்பதால் அங்கே இது பொருந்தும். அப்போதும் ஒரு வேளைக்கு அது தின்னும் எண்ணிக்கையை மட்டும் விடுங்கள், மிஞ்சியதை ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள். பசித்த கிரிக்கெட் தூங்கும் பிராணியின் தோலைக் கடிக்கும்.

## வழி 5: உயிரற்ற பூச்சி

முதலில் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஆமை அசையாததையும் தின்னும். அப்படியிருக்க, உயிருள்ள பூச்சியை வாரக்கணக்கில் வீட்டில் வைத்துக் காவல் காப்பது ஏன்?

ஐம்பது கிரிக்கெட் வாங்கி, ஒருநாள் நல்ல தீனி கொடுத்து, அப்படியே டப்பாவோடு உறைபெட்டியில் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். மறுநாள் முட்டை அட்டையை உதறி, பூச்சிகளை ஜிப் பையில் ஒரே அடுக்காகப் பரப்பி மீண்டும் உறையவையுங்கள். குவியலாகப் போட்டால் ஒரே கட்டியாகிவிடும், நாலு எடுக்க முடியாது. ஊட்டும் நாளில் எண்ணி எடுத்து, தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, கால்சியம் தூவி, மேட்டில் தண்ணீரை ஒட்டி ஒரு தட்டில் வையுங்கள், சிவப்புக்காது ஆமை கவ்வித் தண்ணீருக்குள் கொண்டுபோய் விழுங்கும். ஆமை திரும்பிப் பார்க்கவில்லையென்றால் இடுக்கியால் ஒன்றை லேசாக ஆட்டிக் காட்டினால் போதும்.

மூன்று வாசலும் ஒரே அடியில் அடைபடும். சத்தமில்லை, வாடையில்லை, தினமும் தீனி போடும் வேலையில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்தாக வேண்டும், 31 டிகிரியில் அது சீக்கிரம் அழுகும். கடையில் விற்கும் காய்ந்த பூச்சியையும் காய்ந்த இறாலையும் இதோடு சேர்க்காதீர்கள். எப்போதாவது கொறிக்கக் கொடுக்கலாம், முழுத் தீனியாக அது போதாது.

பெரிய தடை, உறைபெட்டி யாருடையது என்பதுதான். தேங்காய்த் துருவலுக்கும் வஞ்சிரத் துண்டுக்கும் நடுவே பூச்சிப் பையைப் பார்த்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூடி இறுகும், உள்ளே தெரியாத தனி டப்பா வாங்கி, அதற்குள் பையை வைத்து, மேலே பெயர் எழுதிவிடுங்கள். 2024 ஜூலையில் சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 பூச்சி இனங்களை மனிதர்கள் உண்ணவே அனுமதித்தது, வீட்டுக் கிரிக்கெட்டும் மீல்வர்மும் அந்தப் பட்டியலில் உண்டு என்று வாதாடிப் பார்க்கலாம். வாதம் எடுபடுமா என்பது மாமியாரைப் பொறுத்தது.

## ஒரு பார்வையில்

| | அடைக்கும் வாசல் | ஒரு வேளைக்கு நேரம் | பின்னால் வரும் விலை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| இடுக்கி | தொட்டி | 5 நிமிடம் | விரலைக் கவ்வும் பழக்கம் | ஒரே ஆமை, பழகியது |
| கிண்ணம் | தொட்டி (புழுவுக்கு மட்டும்) | 1 நிமிடம் | மண்ணில் வண்டு, அரிசிக்கு ஆபத்து | நேரமில்லாதவர்கள் |
| தீனித் தொட்டி | கைமாறல், தொட்டி | 40 நிமிடம் | கால்சியம் கழுவிப்போவது, குளியலறை | உயிர்ப்பூச்சிதான் வேண்டும் என்போர் |
| அடைத்த தொட்டி | தொட்டி (பாதி) | 2 நிமிடம் | கதிர் குறைவு, உள்ளே இனப்பெருக்கம் | மூடிய கூடு தேவைப்படும் பிராணி |
| உறைந்த பூச்சி | மூன்றும் | 15 நிமிடம் | அழுகல், வீட்டாரின் முகம் | பெரும்பாலான ஆமை வீடுகள் |

ஓர் ஆமை உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு எங்கள் தேர்வு உறைந்த பூச்சிதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆமைக்கு விளையாட்டாக இருக்கட்டும் என்று நாலைந்து உயிர்ப்பூச்சி வாங்கித் தீனித் தொட்டியில் விடலாம். பறவைக் கடைகளில் ஷாமா, ஜம்புல் என்ற பாடும் பறவைகளுக்கு வாங்குகிறவர்களுக்காகக் கிரிக்கெட் வைத்திருப்பார்கள். சிறிய அளவில் கேட்டால் சில இடங்களில் தருவார்கள். நூறாக வாங்கினால் மலிவு என்று வாங்குவதில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது. ஆமை வாரத்துக்குத் தின்பது பத்துப் பூச்சி. மீதி தொண்ணூறுக்கும் நீங்கள்தான் காவல்.

உயிர்ப்பூச்சி வாங்கும்போது இறக்கை முளைக்காத நடுத்தர அளவைக் கேளுங்கள். சத்தம் போடுவது வளர்ந்த ஆண் பூச்சி மட்டும், அதுவும் இறக்கைகளை உரசித்தான். இறக்கையில்லாதது தப்பினாலும் அது வளரும்வரை அண்டை வீட்டுக்காரர் கதவைத் தட்டமாட்டார்.

## சேமிப்புப் பெட்டி வைத்தே தீருவேன் என்றால்

35 முதல் 40 செ.மீ. உயரமுள்ள வழுவழுப்பான பெட்டி. விளிம்புக்குக் கீழே உள்பக்கம் 5 செ.மீ. அகலத்துக்குத் தெளிவான பார்சல் ஒட்டுநாடாவைச் சுற்றிலும் ஒட்டுங்கள். முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்திவிட்டு ஒட்டவில்லையென்றால் நம் ஈரத்தில் இரண்டு வாரத்தில் ஓரம் எழும்பும். எழும்பிய ஓரம் பூச்சிக்குப் பிடிமானம். வாஸ்லின் களிம்பு தடவுவதும் பலிக்கும், ஆனால் தூசி ஒட்டி ஒட்டி ஒருநாள் அதுவே பாதையாகும்.

முட்டை அட்டையை நிமிர்த்தி அடுக்குவது நல்லதுதான், எச்சம் கீழே விழும். ஆனால் அட்டையின் உச்சி, பெட்டியின் விளிம்பிலிருந்து குறைந்தது 20 செ.மீ. கீழே இருக்கட்டும். "ஏற முடியாதுன்னு சொன்னாங்க, ஆனா தப்பிடுச்சு" என்பவர்களின் பெட்டியைப் பார்த்தால் அட்டை விளிம்பை எட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள். கேரட் துண்டு போதும், தினமும் மாற்றுங்கள். மூடியில் உள்ளங்கை அளவு வெட்டி எஃகு வலை ஒட்டுங்கள். காற்றில்லாத பெட்டியில் அம்மோனியா சேர்ந்து ஒரே நாளில் பாதி செத்துவிடும். சூப்பர்வர்ம் வைப்பவர்கள் தெர்மகோல் பெட்டியைத் தொடவேண்டாம், அதைத் தின்றே வெளியே வரும். பாலிஸ்டைரீனை ஜீரணிக்கும் அதன் குடல் நுண்ணுயிர்களை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தே இருக்கிறார்கள்.

எறும்பு வரும். பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைப்பது பழைய தந்திரம், ஆனால் சிங்கப்பூரில் தேங்கிய தண்ணீர் என்றால் ஏடிஸ் கொசு, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனை, அபராதம். தட்டில் சில சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டி மாற்றுங்கள். ஊருக்குப் போகும்போது தட்டைக் காயவைத்துவிட்டுப் போங்கள்.

## தப்பியதைப் பிடிக்க

பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மருந்து பட்ட கிரிக்கெட் செத்துக்கொண்டே ஆமைத் தொட்டிக்கு வந்து சேர்ந்தால் ஆமை அதைத் தின்னும். பசை அட்டையில் வீட்டுப் பல்லிதான் முதலில் ஒட்டும்.

உயரமான ஊறுகாய் ஜாடி ஒன்றைச் சுத்தமாகக் கழுவி உலர்த்தி, உள்ளே ஒரு துண்டு கேரட்டும் கொஞ்சம் ரொட்டித் தூளும் போடுங்கள். வெளிப்பக்கம் தரையிலிருந்து வாய்வரை ஒரு நாளிதழ்த் தாளை மடித்துச் சாய்வாக ஒட்டுங்கள், அது ஏணி. உள்சுவர் வெறும் கண்ணாடியாகவே இருக்கட்டும். ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூட்டுக்குப் பக்கத்தில், சத்தம் வந்த மூலையில், ராத்திரி வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். காலையில் ஜாடியின் அடியில் மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும். அதை ஆமைக்குக் கொடுக்க வேண்டாம். ஃபிரிட்ஜுக்கு அடியில் அது எந்தக் கரப்பான் மருந்தை மேய்ந்ததோ யாருக்குத் தெரியும்.